நீலகிரியில் ஒளிப்படக் கலையும் தொலைவழிக் கல்வியும்

உதகமண்டலம் நகரையொட்டி இந்து நகர் என்றொரு பகுதி உள்ளது. ‘இந்து’ என்னும் வடசொல்லுக்குத் திங்கள் என்பது பொருள். இந்தியாவின் புகைப்பட நிலையங்களும் மருத்துவமனைகளும் அச்சகங்களும் ஒரு காலத்தில் நன்கறிந்திருந்த ‘இந்து’ பிலிம் அங்கேதான் தயாராயிற்று. இன்று அவ்வாலையில் பிலிம் தயாரிப்பு இல்லை. ஆனால் அதே மலை மாவட்டத்தில், குன்னூரையோ கோத்தகிரியையோ அடுத்த தேயிலைத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் வாழும் மாணவி, வீட்டிலிருந்தபடியே டிஜிட்டல் புகைப்படக் கலைப் பாடமொன்றில் சேர்ந்து பயில இன்று வழி இருக்கிறது. அந்தப் பழைய தொழிலுக்கு மீண்டும் எழ இடமில்லாமற் செய்ததும், இந்தப் புதிய வழியைத் திறந்ததும் ஒரே மாற்றமே. ஒளியின் பதிவு பிலிமை விட்டு எண்களுக்குள் குடிபெயர்ந்ததே அம்மாற்றம்.

ஆயினும், “கைப்பழக்கத்தால் வரவேண்டிய ஒரு கலையை ஆசிரியர் முகம் காணாமல் கற்க முடியுமா? கல்லூரிக்குப் போக இயலாதவர்களுக்கான இரண்டாந்தரக் கல்வியல்லவா இது?” என்று நம் குடும்பங்களில் பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு வரலாறு தரும் விடை யாது என்பதை நோக்குவோம்.

இருட்டறையில் பிறந்த அறிவு

புகைப்படக் கலையின் வேர் ஓர் இருட்டறையில் இருக்கிறது. பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, கி.பி. 1040ஐ ஒட்டி மறைந்த அறிஞர் இப்னுல் ஹைதம், ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலை ஏழு பகுதிகளாக எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்பது அந்நாளில் செல்வாக்குப் பெற்றிருந்த கருத்துகளுள் ஒன்று. அதை அவர் மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே காண்கிறோம் என நிறுவினார். இருண்ட அறையொன்றின் சிறு துளைக்கு எதிரே, வெளியில் பல விளக்குகளை வைத்தார். உள்ளே சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்புள்ளிகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தபோது அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்வதையும், பல ஒளிகள் ஒரே துளை வழியே ஒன்றோடொன்று கலந்துவிடாமல் செல்வதையும் இவ்வாறு மெய்ப்பித்தார்.

‘கேமரா’ என்னும் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது எனச் சிலர் பெருமிதத்தோடு எழுதுவர். அது சரியன்று; அறை எனப் பொருள்படும் இலத்தீன் சொல் அது. இல்லாத பெருமையைத் தேட வேண்டிய தேவை நமக்கில்லை. அவ்வறிஞரின் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் ஐரோப்பாவில் அச்சேறியது. 2015ஆம் ஆண்டு அனைத்துலக ஒளி ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது, ‘கிதாபுல் மனாழிர்’ தோன்றி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆனதும் உலகெங்கும் நினைவுகூரப்பட்டது. இதுவே போதுமான பெருமை.

1839இல் பிரான்சு நாட்டு டாகரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபின் புகைப்படக் கலை விரைந்து பரவிற்று. எகிப்தியப் படைப் பொறியாளரான முஹம்மது ஸாதிக் பே 1861இல் மதீனமாநகரையும், 1880இல் மக்கமாநகரையும் படமெடுத்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டிய காலம் அது. பாலைவெயிலில் அவர் எத்துணைப் பாடுபட்டிருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். புகைப்படம் மார்க்கத்தில் ஆகுமா என்ற விவாதமும் உடன் எழுந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், புகைப்படம் என்பது நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று விளக்கி, அது ஆகுமெனத் தனி நூல் எழுதினார்கள். மாறுபட்ட தீர்ப்பளித்த ஆலிம்களும் உளர். நம் நாட்டிலும் பலர் உளர். ஹஜ்ஜுக்குச் செல்லவும் கடவுச்சீட்டில் படம் வேண்டும் என்ற நிலை வந்தபின், தேவைக்கேனும் படம் என்பதில் பெரும்பாலோர் ஒன்றுபட்டனர். இக்கலையைக் கற்க விரும்புவோர் தம் ஆலிம்களிடம் இதன் எல்லைகளைக் கேட்டறிந்துகொள்வது நலம்.

நீலமலைக்கு வந்த கேமரா

நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் 1872இல் இறந்தார். தோடர், கோத்தர், குறும்பர் முதலிய மலைமக்களையும் பழங்கால நினைவுச் சின்னங்களையும் பற்றி அவர் எழுதிய நூல், அடுத்த ஆண்டில் புகைப்படங்களுடன் வெளிவந்தது. அக்காலத்து நீலகிரியை நம் கண்முன் நிறுத்தும் அரிய பதிவு அது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் கேமராவுக்குப் பின்னே நின்றவர் ஒருவர். முன்னே நிறுத்தப்பட்டவர் வேறொருவர். இம்மலையில் பிறந்தவர், தம் மலையைத் தாமே படமெடுக்கும் நிலை அன்று இல்லை. கருவியின் விலையும் மருந்துகளின் விலையும் அறிவைப் பெறும் வழியும் எட்டாத் தொலைவில் இருந்தன. இத்தொலைவு குறைந்த கதையே இனி நாம் காணப்போவது.

இந்து பிலிம்

இந்தியா தனக்கு வேண்டிய பிலிமைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்ற நோக்கில், 1960இல் ‘இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்’ என்னும் மைய அரசு நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. பிரான்சு நாட்டு பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையுடன் 1967இல் உதகையில் உற்பத்தி தொடங்கிற்று. பிலிம் என்பது வெள்ளி உப்புத் துகள்களை ஜெலட்டின் பசையில் கலந்து, மெல்லிய தாளின்மேல் ஒரே சீராகப் பூசுவதாகும். தூசி ஒன்று விழுந்தாலும் படம் கெடும். வெளிச்சம் பட்டால் முழுவதும் கெடும். எனவே தூய காற்றும் குளிர்ச்சியும் நல்ல நீரும் உள்ள இடமாக நீலகிரி தேர்ந்தெடுக்கப்பட்டது. கறுப்பு வெள்ளைப் பிலிம், படத்தாள், திரைப்படப் பிலிம், எக்ஸ்ரே பிலிம் ஆகியவை அங்கிருந்து நாடெங்கும் சென்றன. நாடு ஒளியைக் கண்டு மகிழ, இம்மலையின் தொழிலாளர் இருளில் நின்று பணியாற்றினர்.

அவ்வாலை நலிந்ததற்கு டிஜிட்டல் முறையே முழுக் காரணம் எனக் கூறுவது வரலாற்றுக்கு முரணாகும். எக்ஸ்ரே பிலிமுக்கான புதிய பெருந்திட்டத்தின் கடன்சுமை, 1991க்குப் பின் இறக்குமதித் தீர்வை குறைந்ததால் எழுந்த அயல்நாட்டுப் போட்டி ஆகியவற்றால் 1990களிலேயே அது நோயுற்ற நிறுவனமாகிவிட்டது. பின்னர்ப் பரவிய டிஜிட்டல் முறை, மீண்டும் எழும் வாய்ப்பையும் அடைத்தது. 2014இல் தொழிலாளர்க்கான விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதனோடு ஒரு காலம் முடிந்தது.

உலகின் பெருநிறுவனமான கோடக்கும் தப்பவில்லை. 1975இல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தவர் அந்நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசனே. பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை நாடாவில் பதிய 23 வினாடிகள் பிடித்தன. தன் வீட்டில் பிறந்த அந்தப் பிள்ளையை வளர்க்கத் தயங்கிய கோடக், 2012இல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. பொருளைப் பற்றி நின்ற தொழில் பொருளோடு போய்விடும். அறிவைப் பற்றி நின்றது வேறு பொருளில் வாழும் என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது.

மடல் வழி வந்த கல்வி

இனித் தொலைவழிக் கல்விக்கு வருவோம். இது நேற்று முளைத்ததன்று. கல்வி தேடி ஊர் ஊராகப் பயணம் செய்தவர்கள் நம் முன்னோர். அதே முன்னோர், கல்வியே பயணம் செய்து வரும் முறையையும் ஏற்றிருந்தனர். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பின் கல்வி இயலில், அறிஞர்கள் கல்வியை எழுதிப் பிற ஊர்களுக்கு அனுப்புவது குறித்துத் தனிப் பாடம் அமைத்துள்ளார்கள். ஹதீஸ் கலையினர் இம்முறைக்கு ‘முகாதபா’ எனப் பெயரிட்டனர். ஹிஜ்ரி 643இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள், ஹதீஸைப் பெறும் எட்டு வழிகளை வகுத்துரைக்கையில் இதனையும் ஒன்றாக வைத்தார்கள். ஆசிரியர் எழுதி அனுப்புவார்; மாணவர் அக்கையெழுத்து அவருடையதே என அறிந்து ஏற்பார். ஆனால் ஆசிரியர் வாய்மொழியை நேரில் கேட்பதையே அவர்கள் முதலிடத்தில் வைத்தார்கள். மடல்வழிக் கல்வி ஏற்கத்தக்கது. நேர்க்கல்வி அதனினும் சிறந்தது. தொலைவழிக் கல்வியைப் பற்றி இதைவிட நடுநிலையான தீர்ப்பை இன்றும் கூற இயலாது.

அண்மைக் காலத்தில், 1840ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தை அஞ்சல் வழிக் கற்பித்தார். மாணவர் பயிற்சியை எழுதி அனுப்ப, அது திருத்தப்பெற்றுத் திரும்பி வந்தது. இந்தியாவில் 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் தொடர்ந்தன. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சட்டத்தின் வழி நிறுவப்பட்டன. மலைப்பாதையில் பேருந்தேறிக் கல்லூரி செல்ல இயலாதவர்களும், மணமான பின் படிப்பை விட்ட பெண்களும் இவற்றால் பட்டம் பெற்றனர். நம் சமுதாயத்திலும் அத்தகையோர் பலர்.

பிலிம் வைத்த தடை

வரலாற்றையும் வணிகவியலையும் அஞ்சலில் கற்கலாம். பிலிம் காலத்தில் புகைப்படக் கலையை அவ்வாறு கற்பது எளிதன்று. குன்னூரில் ஒரு மாணவர் 36 படங்கள் கொண்ட சுருளை வாங்கி, எடுத்து முடித்து, கழுவி, அச்சிட்டு, ஆசிரியருக்கு அஞ்சலில் அனுப்பி, விடை பெறுவதற்குள் வாரங்கள் கழியும். அதற்குள் அன்றைய வெளிச்சம் எப்படியிருந்தது என்பது மறந்துபோகும். ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் வேகத்தையும் லென்ஸ் துளையின் அளவையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தாலன்றிப் பிழையின் காரணத்தை ஆசிரியர் உறுதியாகச் சொல்ல முடியாது. பிழை ஒவ்வொன்றுக்கும் காசு வேறு. ஏழை மாணவர் பிழை செய்யவே அஞ்சுவார். பிழை செய்ய அஞ்சுபவர் எக்கலையையும் கற்பதில்லை.

டிஜிட்டல் முறை இத்தடைகளைத் தகர்த்தது. நூறு படங்கள் எடுத்துத் தொண்ணூற்றொன்பதை அழித்தாலும் செலவில்லை. அதனினும் பெரிது, படக்கோப்பு ஒவ்வொன்றும் தன் குறிப்பேட்டைத் தன்னுள்ளேயே சுமந்து செல்வதாகும். எடுத்த நேரம், ஷட்டர் வேகம், துளையளவு, ஒளியுணர்திறன் யாவும் அதில் பதிவாகின்றன. நெடுந்தொலைவில் இருக்கும் ஆசிரியர் அதைப் படித்து, மாணவர் செய்த பிழையை அன்றே சுட்டிக் காட்டலாம். முகாதபாவில் கையெழுத்து ஆற்றிய பணியின் ஒரு பங்கை இங்கு இக்குறிப்புகள் ஆற்றுகின்றன எனலாம்.

தொடங்குவோர் கவனத்துக்கு

சேருமுன் மூன்றைக் கேட்டறிய வேண்டும். முதலாவது, மாணவர் எடுத்த படங்களை ஆசிரியர் ஒருவர் பார்த்துத் திருத்துவாரா என்பது. திருத்தம் இல்லாத பாடம், பார்த்து மகிழும் காட்சியோடு நின்றுவிடும். இரண்டாவது, தருவது பட்டமெனில் அப்பாடத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு உண்டா என்பது. மூன்றாவது, தொடக்கத்திலேயே விலையுயர்ந்த கேமரா கேட்கிறார்களா என்பது. ஒளியின் திசையையும் படத்தின் எல்லையையும் கற்க முதல் சில மாதங்களுக்குக் கைபேசியே போதும்.

நீலகிரி மாணவர்க்கு மலையே ஆய்வுக்கூடம். மூடுபனி சூழ்ந்த தேயிலைச் சரிவைக் கேமராவின் போக்கில் விட்டு எடுத்தால், வெண்பனி சாம்பல் நிறமாக மங்கிவிடும். காட்சி எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பலாகக் கருதி அளப்பது கருவியின் இயல்பு. ஒளியளவை ஒரு படி உயர்த்தி எடுத்தால் பனி வெண்மையாகும். இந்த ஒரு பயிற்சியிலேயே ஒளியளவின் அடிப்படை விளங்கிவிடும். மழைக்காலத்து ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மேற்சொன்ன குறிப்புகள் நீங்கிவிடும் என்பதால், ஆசிரியருக்குக் கோப்பாகவே அனுப்புக. பொதுவில் வெளியிடும் படத்திலோ, எடுத்த இடத்தின் குறிப்பை நீக்கிவிடுக. கொழுந்து பறிக்கும் பெண்களையும் தோடர் மந்துகளில் வாழ்வோரையும் அவர்கள் இசைவின்றி எடுத்தல் கூடாது. 1873ஆம் ஆண்டு நூலின் காலம் கழிந்துவிட்டது என்பதற்கு அந்த இசைவே சான்றாக வேண்டும்.

தொலைவழிக் கல்வி தராததும் உண்டு. கூட்டத்துக்கு நடுவே நிதானம் இழவாமல் பணிபுரிவதை நேரில்தான் கற்க வேண்டும். உள்ளூர் ஸ்டுடியோ ஒன்றில் சில நாட்கள் உதவியாளராக நின்றால் இக்குறை தீரும். நம் நிகாஹ் வீடுகளில் பெண்கள் பகுதியைப் படமெடுக்கப் பெண்ணொருவரையே நாடும் குடும்பங்கள் பல. இக்கலை கற்ற நம் பெண்களுக்குக் கண்ணியமான வருவாய்க்கு அது ஒரு வழியாகும்.

பெரியவர்களின் கேள்விக்கு விடை இதுதான். தொலைவழிக் கல்வி நம் முன்னோர் ஏற்ற கல்வி. அதன் தகுதி, அனுப்புபவரின் நேர்மையையும் பெறுபவரின் உழைப்பையும் பொறுத்தது. இப்னுல் ஹைதம் அன்று கையாண்டவை ஓர் இருட்டறையும் சில விளக்குகளும் சலியாத ஆய்வுமே. உதகையின் பிலிம் ஆலை நின்றது, ஒளி நிற்கவில்லை. அதைப் பயில முனையும் நம் பிள்ளைகளுக்கு வல்ல இறைவன் நல்லறிவையும் நற்பயனையும் அருள்வானாக.