சுற்றுக்கு முன் குதிரையை அமைதிப்படுத்தல்
தடைதாண்டும் போட்டியில் குதிரை களமிறங்கும் முன் அதன் பதற்றத்தைத் தணிக்கும் முறை. மணி அடித்ததும் சுற்றைத் தொடங்குவதற்கான 45 விநாடிக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். மிரண்ட குதிரையைத் தேற்ற அது போதாது. ஆகவே வேலையெல்லாம் வெளியே உள்ள பயிற்சிக் களத்திலேயே முடிய வேண்டும். கடிவாள வாரைத் தளர்த்தி நடக்கவிட்டு, பெரிய வட்டங்களில் ஓட்டி, சில தாழ்ந்த தடைகளைத் தாண்டச் செய்வர். பிடரி முடிவடையும் தோள்மேட்டில் விரலால் சொறிந்தால் இதயத்துடிப்பு இறங்கும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் நீவிக்கொள்ளும் இடமும் அதுவே. தட்டிக்கொடுப்பதைவிடச் சொறிவதே மேல். சவாரியாளர் மூச்சைப் பிடித்தால் அந்த இறுக்கம் சேணத்தின் வழியே குதிரைக்கும் எட்டும். கழுத்து தாழ்ந்து, ஒரு காது சவாரியாளர் பக்கம் திரும்பினால் குதிரை நிதானத்துக்கு வந்துவிட்டதாகக் கொள்ளலாம்.