உப்பு பூத்த கோதுமை வயல்கள்

ஒரு நிலம் உவர் நிலமாக மாறினால் நாம் முதலில் சந்தேகப்படுவது கடலை, அல்லது வடிகால் இல்லாத பாசனத்தை. ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரத்தை உப்பு பிடித்ததற்கு இவை இரண்டுமே காரணம் இல்லை. மரங்களை வெட்டியதுதான் காரணம்!

பெர்த் நகருக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் இந்த வட்டாரத்தின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 300 முதல் 400 மி.மீ. மழைதான் பெய்யும். கடல் காற்றும் மழையும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்த உப்பு, மண்ணின் ஆழத்தில் சேர்ந்து கிடந்தது. மேலே இருந்த யூகலிப்டஸ் காடுகள் ஆழமாக வேர் விட்டு, பெய்த மழையை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிக்கொண்டன. அதனால் உப்பு இருந்த இடத்திலேயே கிடந்தது.

ஐரோப்பியக் குடியேறிகள் காட்டை அழித்துக் கோதுமை விதைத்தார்கள். கோதுமைக்கு வேர் ஆழம் இல்லை, வயலில் நிற்பதும் சில மாதங்கள்தான். மிஞ்சிய மழைநீர் கீழே இறங்கியது. நிலத்தடி நீர்மட்டம் உப்பையும் சேர்த்துக்கொண்டு மேலே ஏறியது. வயல்களில் வெள்ளை பூத்தது.

இதைத் தொடக்கத்திலேயே கவனித்தவர்களில் ரயில்வேக்காரர்களும் உண்டு. நீராவி இன்ஜின்களுக்குத் தேக்கி வைத்த தண்ணீர் சில இடங்களில் உப்பாகிப்போனது. டபிள்யூ. ஈ. உட் என்ற ரயில்வே பொறியாளர், காடு அழிந்த இடங்களில்தான் இப்படி ஆகிறது என்று 1924-ல் ஒரு கட்டுரையில் விளக்கினார். கேட்டார்களா? 1960-களில் ஆண்டுக்குப் பத்து லட்சம் ஏக்கர் புதிய நிலத்தை விவசாயத்துக்குத் திறந்துவிடுவதே அரசின் இலக்காக இருந்தது! பத்து லட்சம் ஹெக்டேருக்கும் மேல் உப்பால் கெட்டுப்போனதுதான் விளைவு.

உப்பை விரட்ட முடியாத இடத்தில் உப்போடு வாழும் வழியைத் தேட வேண்டியிருந்தது. மாநில வேளாண் துறையின் கிளைவ் மால்கம், உப்பைத் தாங்கும் புதர்ச் செடிகளைப் பல நாடுகளிலிருந்து திரட்டி வளர்த்துப் பார்த்தார். மண்ணைச் சிறு கரையாக உயர்த்தி, அதன் உச்சியில் ஒரு குழியில் விதையை வைக்கும் முறையும் உருவானது. மழை பெய்ததும் குழியிலுள்ள உப்பு கரைந்து கீழே இறங்கிவிடும், விதை பிழைத்துக்கொள்ளும்.

இவற்றில் முக்கியமானது ஆஸ்திரேலியாவின் சொந்தச் செடியான 'ஓல்ட் மேன் சால்ட்புஷ்'. கோடை முடிந்து மேய்ச்சல் நிலம் காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் இது பச்சையாக நிற்கும். இலையில் புரதமும் வைட்டமின் ஈ-யும் உண்டு. ஆனால் உப்பும் மிக அதிகம்! இதை மட்டும் தின்னும் செம்மறி ஆடுகள் நிறையத் தண்ணீர் குடிக்கும், தீனியைக் குறைத்துக்கொள்ளும், எடை ஏறாது. கூடவே கோதுமைத் தாளோ தானியமோ கொடுத்தால் நிலைமை மாறும். பிறகு சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. விஞ்ஞானிகள் பல வகைச் செடிகளை நட்டு, ஆடுகள் எதை விரும்பித் தின்கின்றன என்று பார்த்தே நல்ல வகைகளைப் பொறுக்கினார்கள். ‘அனமெக்கா’ என்ற ரகம் அப்படி வந்ததுதான்.

பயிரிலும் ஒரு முன்னேற்றம் வந்தது. கோதுமையின் பழங்கால உறவுப் பயிர் ஒன்றிலிருந்த மரபணுவை, ஒட்டுக்கலப்பு முறையிலேயே டியூரம் கோதுமைக்குக் கொண்டுவந்தார்கள். இலைக்குப் போகும் சோடியத்தை இது வழியிலேயே தடுக்கிறது. உப்பு மிகுந்த வயலில் 25 சதவீதம் வரை விளைச்சல் கூடியதாக 2012-ல் வெளியான ஆய்வு சொன்னது.

ஆனாலும் சால்ட்புஷ் தின்னும் ஆடோ, உப்பைத் தாங்கும் கோதுமையோ இழந்த நிலத்தை மீட்டுவிடவில்லை. கெட்டுப்போன நிலத்திலிருந்து கொஞ்சம் வருமானம் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஒரு ரயில்வே பொறியாளர் சொன்னதை அன்றே கேட்டிருந்தால், இந்த ஆராய்ச்சிகளில் பாதி தேவைப்பட்டிருக்காது!