இ அண்ட் ஓ விடுதி: வசூலாகாத துரைமார் கணக்கு

ஜார்ஜ்டவுன் பாரம்பரிய நடைப்பயணத்தில் லெபோ ஃபார்குவார் வந்ததும், கடலோரமாக நிற்கும் வெள்ளைக் கட்டடத்தை எல்லாரும் படம் எடுப்பார்கள். அதுதான் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல், சுருக்கமாக இ அண்ட் ஓ. இஸ்பகானிலிருந்து வந்த ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1885இல் தொடங்கியது. சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விடுதியும் அவர்களுடையதே.

எழுத்தாளர் சோமர்செட் மாம் இங்கே தங்கியது பலரும் சொல்லும் கதை. அதைவிடச் சுவையானது, விடுதியை நடத்திய தம்பி அர்ஷாக்கின் கதை. விஸ்கிக் குவளையைத் தலையில் வைத்துக்கொண்டு நடனமாடுவாராம். குதிரைப் பந்தயம் என்றால் உயிர். கடன் சொல்லிக் குடித்துத் தங்கிய ரப்பர் தோட்டத் துரைமாரிடம் கறாராகப் பணம் கேட்கவும் மாட்டாராம்.

1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலையும் விழுந்தது. 1931 ஜனவரியில் அர்ஷாக் இறந்தார். அதே ஆண்டு நிறுவனம் திவாலானது.

அந்த மந்தத்தில் தோட்டங்களில் நடந்ததையும் சேர்த்தால்தான் இந்தக் கதை முழுமையாகும். ஆண்களின் நாள் கூலி 1930இல் 50 காசிலிருந்து 40 காசானது; பெண்களுக்கு 40 காசு 32 ஆனது. துரைமார் கணக்குக்குக் கிடைத்த சலுகை லயத்துக்கு வரவில்லை. வேலையிழந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் பினாங்கிலிருந்து கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர்.

1990களில் மூடப்பட்ட விடுதி, புதுப்பிக்கப்பட்டு 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கிருந்து துறைமுகத்துக்கு நடந்தே போகலாம். நடைப்பயணம் செல்பவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.