சிறு மோட்டார் சைக்கிளின் எஞ்சின் நடுக்கமும் பெட்ரோல் தேர்வும்: வில்லியனூர், பாகூர் வட்டாரம்

புதுச்சேரி மாவட்டத்தில் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. அவற்றில் வில்லியனூர் புதுச்சேரி நகரத்துக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டரிலும், பாகூர் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரிலும் இருக்கின்றன. திருபுவனை, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்களும், பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் வைப்பவர்களும், விடியற்காலையில் பால் கேன் ஏற்றுகிறவர்களும் நம்பியிருப்பது 100 முதல் 125 சி.சி. வரையிலான வண்டிகளையே. ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின், நான்கைந்து கியர், பத்து லிட்டரை ஒட்டிய டாங்க் என்பதே இவற்றின் பொது அமைப்பு.

இந்த வண்டி ஒருநாள் வழக்கத்துக்கு மாறாக நடுங்கத் தொடங்கினால் பழி முதலில் பெட்ரோல் மேல் விழுகிறது. எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிய பிறகு அந்தச் சந்தேகம் இன்னும் வலுத்திருக்கிறது. ஆனால் பெட்ரோல் கெட்டால் எஞ்சின் திணறும், விட்டுவிட்டு அடிக்கும், ஐட்லிங்கில் அணைந்துபோகும். கைப்பிடி மரத்துப்போகும்படி இடைவிடாமல் நடுங்குவது வேறு நோய். அதன் காரணம் பெரும்பாலும் எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டிலோ, செயினிலோ, வால்வை இயக்கும் டப்பெட்டிலோ இருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் செலவிடும் காசெல்லாம் வீண்.

இயல்பான நடுக்கம்

ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நடுங்காமல் ஓடாது. 1994இல் ஹீரோ ஹோண்டா கொண்டுவந்த ஸ்ப்ளெண்டரை எடுத்துக்கொள்ளலாம். அதன் 97.2 சி.சி. எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் போய்த் திரும்பும் தூரம் 49.5 மி.மீ. கிராங்க் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போது பிஸ்டன் ஒரு நொடிக்குள் 133 முறை நின்று திசை திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பமும் எஞ்சினை ஒரு பக்கம் தள்ளுகிறது. இதை ஈடுகட்டக் கிராங்க்கில் எதிர்எடை வைக்கிறார்கள். பிஸ்டனின் எடை முழுவதற்கும் ஈடாக அதை வைத்தால் பிஸ்டன் ஓடும் திசையில் நடுக்கம் ஒழியும். ஆனால் குறுக்குத் திசையில் அதே அளவு நடுக்கம் பிறந்துவிடும். ஆகவே ஏறத்தாழப் பாதிக்கு ஈடுகட்டி, மீதியை விட்டுவிடுகிறார்கள்.

பெரிய எஞ்சின்களில் இந்த மீதியையும் அடக்கத் தனியாக ஒரு பேலன்சர் தண்டு சுற்றுகிறது. சென்னையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு 2020 நவம்பரில் மீட்டியார் 350 வண்டியில் அதைச் சேர்த்தது. பழைய புல்லட்டை ஓட்டிப் பழகியவர்கள் இந்த வேறுபாட்டைக் கையிலேயே உணர்ந்தார்கள். 100 சி.சி. வண்டியில் பொதுவாக அந்தத் தண்டு கிடையாது. விலை, எடை, மைலேஜ் மூன்றையும் பார்த்துத்தான் அதை விட்டிருக்கிறார்கள்.

வண்டி புதிதாக இருந்தபோதே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கண்ணாடியில் உருவம் கலங்கியிருந்தால் அதில் கோளாறு எதுவும் இல்லை. நேற்றுவரை இல்லாத நடுக்கத்தைத்தான் தேட வேண்டும்.

தேடும் முறை

நடுக்கம் எஞ்சினின் சுற்றோடு கூடுகிறதா, சாலையில் போகும் வேகத்தோடு கூடுகிறதா? முதலில் விடை காண வேண்டிய கேள்வி இது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து மெதுவாக ஆக்சிலரேட்டரைத் திருகும்போதே நடுங்கினால் குறை எஞ்சினில் அல்லது அதைத் தாங்கும் இடங்களில் இருக்கிறது. நிற்கும்போது ஒன்றுமில்லை, ஓடும்போதுதான் வருகிறது என்றால், ஆளில்லாத நேரான சாலையில் நடுக்கம் வரும் வேகத்துக்குப் போய்க் கிளட்சைப் பிடித்து எஞ்சினை ஐட்லிங்குக்கு விட வேண்டும். அப்போதும் நடுக்கம் தொடர்ந்தால் டயர், ரிம், சக்கர பேரிங், சில சமயம் செயின். நின்றுபோனால் எஞ்சின் இழுக்கும்போது பளுவேறும் பாகங்கள். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை இந்தச் சோதனைக்கு ஏற்ற இடம் அன்று. லாரிகள் பின்னால் வந்துகொண்டே இருக்கும். ஏரிக்கரை ஓரத்து ஊர்ச் சாலை போதும்.

எஞ்சினைச் சட்டத்தில் பிடித்திருக்கும் நீண்ட போல்ட்டுகளை மெக்கானிக்குகள் ஃபவுண்டேஷன் போல்ட் என்கிறார்கள். ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான். எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். ஒரு போல்ட் தளர்ந்தால் நடுக்கம் கூடுகிறது, கூடிய நடுக்கம் அடுத்த போல்ட்டையும் தளர்த்துகிறது. முறுக்கிய சில வாரங்களில் மறுபடி தளர்ந்தால் போல்ட் போகும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கலாம், அல்லது சட்டத்தின் பிடிப்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். நெல் மூட்டை, வைக்கோல் கட்டு, இருபுறமும் பால் கேன் என்று சுமக்கும் வண்டிகளில் அந்த விரிசலைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. இருக்கிற பலமெல்லாம் போட்டு முறுக்கினால் மரை அறுந்துவிடும்; பிறகு அது வேறொரு செலவு.

அடுத்தது செயின். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுற்றி, நான்கைந்து இடத்தில் செயினின் தளர்வைப் பார்க்க வேண்டும். பல சிறு வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. வரை தளர்வு சரி. ஓரிடத்தில் தொங்கி இன்னோரிடத்தில் விறைத்து நின்றால் செயின் சீரில்லாமல் நீண்டிருக்கிறது. எவ்வளவு சரிசெய்தாலும் நடுக்கம் போகாது, ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்து மாற்ற வேண்டியதுதான். பின்சக்கர ஹப்புக்குள் எஞ்சினின் உதறலை உறிஞ்சும் ரப்பர் துண்டுகள் உண்டு. அவை நைந்துபோனால் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு இடி இடிக்கும். குறைந்த செலவில் மாறும் இந்த ரப்பரைக் கவனிக்காமல் எஞ்சினைப் பிரித்த வண்டிகள் உண்டு.

பிறகே எஞ்சினுக்குள் போக வேண்டும். டப்பெட் இடைவெளி கூடினால் டிக் டிக் என்று சத்தம் கேட்கும்; சத்தம் வந்தால்தான் பழுது என்று பலர் நினைக்கிறார்கள். சத்தமே இல்லாமல் இறுகிப்போன டப்பெட்தான் அதிக ஆபத்து. வால்வு முழுவதும் மூடாது, அழுத்தம் கசியும், ஐட்லிங் ஆடும், நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதன் நுனி நிறம் சொல்லும்: இளம்பழுப்பு நலம், கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று வடிகட்டி அடைப்பு, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, எண்ணெய் ஈரம் இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. அறுவடைக் காலத்தில் களத்து மேட்டுத் தூசியில் ஓடும் வண்டிக்கு, கையேடு சொல்லும் நாளுக்கு முன்பே வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும்.

எஞ்சின் ஆயிலும் நடுக்கம்போலத் தோன்றும் ஒரு குறையை உண்டாக்கும். இந்த வண்டிகளின் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில் நனைந்து ஓடுகின்றன. காருக்கு உரிய ஆயிலை ஊற்றினால் அதிலுள்ள வழுக்குச் சேர்மானம் கிளட்சை நழுவ விடலாம். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வெள்ளத்துக்குப் பின்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. 24 மணி நேரத்தில் சுமார் 46 செ.மீ. மழை கொட்டியது. ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர் கொம்யூனின் ஆற்றோரக் கிராமங்களுக்குள் புகுந்தது. மூழ்கிய வண்டியை உடனே செல்ஃப் போட்டுக் கிளப்புவதுதான் மிகப் பெரிய சேதத்தைச் செய்யும்.

காரணம் எளிது. 10:1 அழுத்த விகிதமுள்ள 97 சி.சி. எஞ்சினில், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடம் சுமார் 11 மில்லி லிட்டர். இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றே கூடுதல். நீர் சுருங்காது. அதைவிட அதிகமாக அது உள்ளே இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். வளைந்தது சிறிதளவே ஆனாலும் அந்த எஞ்சின் அதன்பின் நடுக்கத்தோடுதான் ஓடும், எந்தப் போல்ட்டை முறுக்கியும் பயனில்லை. முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். பிறகு இக்னிஷனை அணைத்து வைத்தே கிக்கரை மெதுவாக மிதித்து உள்ளிருக்கும் நீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் பால் கலந்த காப்பி போல இருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது. வடித்துப் புது ஆயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, மறுபடியும் ஒருமுறை மாற்ற வேண்டும். டாங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்யாமல் கிளப்பக் கூடாது.

எந்தப் பெட்ரோல்?

இந்தியாவில் எத்தனால் கலப்பு 10 சதவீதத்தை 2022 ஜூனில் எட்டியது. 20 சதவீதக் கலப்பான ஈ20 பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்டது. 2030க்கு என்று வைத்திருந்த இலக்கை முன்னுக்கு இழுத்து 2025இலேயே அடைந்தார்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, கரும்புச் சாறு, மக்காச்சோளம், உபரி அரிசி ஆகியவற்றிலிருந்து இந்த எத்தனால் வருகிறது. அரியூரிலும் லிங்காரெட்டிப்பாளையத்திலும் இருந்த சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டி அனுப்பிய வட்டாரம் இது. அவை ஓடாமல் நின்ற பிறகு எத்தனால் வெளியிலிருந்து வந்து இங்குள்ள டாங்க்குகளை நிரப்புகிறது என்பது வருத்தம் தரும் செய்தி.

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஈ10க்கு ஏற்பச் சரிசெய்த இருசக்கர வண்டிகளில் ஈ20 ஊற்றினால் எரிபொருள் திறன் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. 60 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 58ஐ ஒட்டிக் கொடுக்கும் என்று இதற்குப் பொருள். மைலேஜ் பாதியாகிவிட்டது என்றால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபின் சிறு வண்டிகளிலும் பெட்ரோலைக் கணினி தெளிக்கத் தொடங்கியது. சைலன்சரில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து அது கலவையைத் திருத்திக்கொள்கிறது. அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டியால் அது முடியாது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையில் காற்று மிகுந்தது போலாகிறது: காலையில் கிளம்பத் தயங்குகிறது, ஐட்லிங்கில் துள்ளுகிறது. பெட்ரோலால் வரும் நடுக்கம் என்று சொல்லத்தக்கது இதுதான். ஸ்லோ ஜெட்டைச் சுத்தம் செய்து, காற்று ஸ்க்ரூவைச் சிறிது திருகினால் பெரும்பாலும் அடங்கும். பழைய டாங்க்கின் துருவை எத்தனால் கிளறிவிட்டு ஜெட்டை அடைப்பதும், பழைய ரப்பர் குழாய், ஓ-ரிங்குகளை உப்ப வைப்பதும் உண்மை. ஆகவே ஈ20க்கு என்று செய்யப்படாத, 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் அந்தக் குழாய்களை ஆண்டுக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஆக்டேன் எண்ணுக்குக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை. ஆக்டேன் என்பது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன். ஆற்றலின் அளவு அன்று. ஏறத்தாழ 10:1 அழுத்தமுள்ள இந்த எஞ்சின்களுக்குச் சாதாரண பெட்ரோலின் 91 போதும். ஈ20க்கு இந்தியத் தரம் 95ஐக் கேட்கிறது. 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் அறிமுகம் செய்தபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். உயர் அழுத்த எஞ்சினுக்கு உரிய அதை ஸ்ப்ளெண்டரிலோ டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100இலோ ஊற்றுவதால் வேகமும் கூடாது, நடுக்கமும் குறையாது. நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100இல், பழைய இரண்டு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். சூப்பர் நினைப்பில் 2டி ஆயில் கலப்பதும் தவறு. பிளக்கில் கரி படியும்.

விலை, எல்லை, பங்க்

புதுச்சேரியில் பெட்ரோல் மீதான வாட் வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு. 2025 ஜனவரி 1 முதல் அது உயர்த்தப்பட்ட பிறகும் லிட்டருக்குச் சில ரூபாய் வித்தியாசம் நிற்கிறது. முள்ளோடை, கன்னியக்கோயில், மதகடிப்பட்டு போன்ற எல்லை ஊர்களின் பங்க்குகளில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் நிற்பது அதனால்தான். ஆனால் 10 கிலோமீட்டர் தள்ளியிருப்பவர் இதற்காகவே வந்துபோனால், 60 கி.மீ. மைலேஜில் லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது முப்பது ரூபாய்க்கு மேல் வழியிலேயே எரிகிறது. வித்தியாசம் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8 லிட்டருக்கு மிச்சம் 40 ரூபாய். கேனில் வாங்கி வீட்டில் சேர்த்து வைப்பது தீ ஆபத்து; மூடி சரியில்லாத கேனில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய், ஈரமும் இறங்கும்.

ஈ20க்கு நீர்தான் பகை. சிறிதளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். எல்லை மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். டாங்க்கின் குழாயும் அடியில்தான் இருக்கிறது. பாட்டில் பெட்ரோலில் நீர் ஊற்றிக் குலுக்கி, அடியில் நீர் பெருகியதைக் காட்டிக் கலப்படம் என்று சொல்லும் காணொளிகள் பரவுகின்றன. அங்கே பெருகுவது பெட்ரோலிலிருந்து பிரிந்து வந்த எத்தனால். அதைக்கொண்டு பங்க் நேர்மையற்றது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

பங்க்கை உண்மையில் சோதிக்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. வடிதாள் கேட்டு வாங்கி, நாசில் வாயைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால், நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்துக்குள் கறை இல்லாமல் பறந்துவிடும். முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். அன்றைய அடர்த்தியை எழுதி வைத்திருப்பார்கள். 15 டிகிரி வெப்பநிலைக்கு மாற்றிய கணக்கில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை தர எல்லை. லாரி வந்து இறக்கியபோது பதிந்த எண்ணிலிருந்து அது 3 கிலோவுக்கு மேல் விலகினால் விளக்கம் கேட்க வேண்டும்.