சரபத் கடையிலிருந்து உணவங்காடி நிலையம் வரை

சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம்களின் வரலாறு என்றதும் பள்ளிவாசல்களையும் தர்காவையும் எழுதுகிறோம். எழுத வேண்டியதுதான். ஆனால் நம் பாட்டனார்களின் விழித்திருந்த பொழுதில் பெரும்பகுதி அடுப்பின் முன்னால்தான் கழிந்தது. பொன்விழா மலரில் அதற்கும் ஓர் இடம் கேட்டு வாங்கி இதை எழுதுகிறோம்.

கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து மக்கள் பலர் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள். கடையநல்லூர் ஸ்திரீட் என்ற தெரு இன்றும் அங்கே இருக்கிறது. குடும்பத்தோடு வந்தவர்கள் இவர்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். ஆண்கள் துறைமுகத்துக்கும் தெருவோரக் கடைக்கும் போனார்கள். சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் முர்தபா விற்கும் பெயர்பெற்ற கடையும் உண்டு. எங்கள் பாட்டனாருக்கு அந்த வசதியில்லை. போர் முடிந்த பின் கப்பலேறி வந்தவர், துறைமுகத்துக்கு அருகே தள்ளுவண்டியில் இஞ்சித் தேநீர் ஆற்றினார். பிறகு மீ கோரெங் போட்டார்.

மீ கோரெங் ஊரிலிருந்து கொண்டுவந்த பண்டமல்ல. மஞ்சள் மீயும் தவ்குவாவும் சீனரிடம் வாங்கியவை. சம்பல் மலாய்க்காரர் கைப்பக்குவம். மசாலா எங்கள் பாட்டி அரைத்தது. முயிஸ் ஹலால் சான்றிதழ் தரத் தொடங்கியது 1978இல்தான். அதுவரை பாயின் தலையிலிருந்த தொப்பியே சான்றிதழ்.

மூன்று இனத்தாரும் ஒரே பலகையில் உட்கார்ந்து கடன் சொன்னார்கள். சீனப் பெயர்களைத் தமிழில் எழுதத் தெரியாத பாட்டனார், பற்று நோட்டில் படம் வரைந்தார். குடை என்றால் ஒருவர், சுருட்டு என்றால் இன்னொருவர். பக்கத்தில் கோடுகள்: ஒரு கோடு, ஒரு கோப்பைத் தே.

1968, 69இல் அரசாங்கம் தெருவோர வியாபாரிகளைப் பதிவு செய்தது. ஏறத்தாழ 18,000 பேர். 1971இலிருந்து 1986 வரை அவர்களை உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றினார்கள். நம் சங்கம் பிறந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். குழாய்த் தண்ணீர், கழிப்பறை, மழைக்கு ஒதுங்கக் கூரை எல்லாம் கிடைத்தன. வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்த பாட்டிக்கு அது பெரிய விடுதலை. பாட்டனாருக்கோ இழப்பு. வாடிக்கையாளர்களும் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறிப் போனார்கள். நோட்டில் இருந்த கடனும் அவர்களோடு போயிற்று. 'குடை' மட்டும் ஒருநாள் மகனைக் கூட்டிக்கொண்டு தேடி வந்து கொடுத்தார் என்று அத்தா சொல்வார்.

அத்தா அந்தக் கடையை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாவு பிசைவார். பிள்ளைகளைக் கடைக்குள் நிற்க விடமாட்டார். "இந்தச் சூடு என்னோட போகட்டும்" என்பது அவர் பேச்சு. நாங்கள் மூவரும் படித்தோம், பாலிடெக்னிக் முடித்தோம். அவருக்கு முழங்கால் போனபோது கடையை எடுக்க யாருமில்லை. நாங்கள் எடுக்கவில்லை என்று எழுதுவதுதான் நேர்மை.

2020 டிசம்பரில் நம் அங்காடி உணவுக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நாடே கொண்டாடியது, நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் பாட்டனார் மரபைக் காக்க அடுப்பு மூட்டவில்லை. வேறு வேலை கிடைக்காததால் மூட்டினார். அதை மறந்துவிட்டுப் பெருமை பேசினால் அவரை நாம் சரியாக நினைவுகூரவில்லை என்றே தோன்றுகிறது.

இன்று நாங்கள் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். நம்மவர் கடைகளுக்குப் போகும் எங்கள் சரக்குகளில் அதிகம் விற்பது உறைய வைத்த பிராட்டா மாவு, இயந்திரம் உருட்டியது. அத்தா அதை ஒருமுறை கல்லில் போட்டுப் பார்த்தார். பாதி தின்றுவிட்டு, "பரவாயில்லை" என்றார். மீதியைத் தொடவில்லை.

நோட்டு எங்களிடம்தான் இருக்கிறது. 'சுருட்டு' யார் என்று மூத்த உறுப்பினர்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அவர் பெயருக்கு நேரே பதினேழு கோடுகள் இருக்கின்றன.