கோடை விடுமுறையும் குமரப் பருவத்து உறக்கமும்

விடுமுறை தொடங்கிவிட்டால் பல வீடுகளில் காலைப் பூசலும் தொடங்கிவிடுகிறது. மணி எட்டாகியும் பையன் எழுந்திருக்கவில்லை. "சோம்பேறி" என்று பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள். அவனும் எரிந்து விழுகிறான். இதில் நியாயம் யார் பக்கம் என்று நீங்கள் எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? இதற்கு விடை தந்த ஆராய்ச்சியும் ஒரு கோடை விடுமுறையில்தான் பிறந்தது.

1976ஆம் ஆண்டுக் கோடை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டிமென்ட்டும், அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த மேரி கார்ஸ்கடனும் பிள்ளைகளுக்கென ஓர் உறக்க முகாம் நடத்தினர். வந்தவர்களுக்கு வயது 10 முதல் 12 வரை. அதே பிள்ளைகளை அடுத்தடுத்த கோடைகளிலும் வரவழைத்துச் சோதித்தார்கள். தலையில் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு, இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 8 மணி வரை அவர்கள் உறங்கலாம். விடுமுறையானதால் பள்ளி மணியின் தொல்லை இல்லை. மூளையின் மின்னலைகள் இரவு முழுவதும் காகிதத்தில் பதிவாகிக்கொண்டே இருந்தன.

வயது ஏற ஏறத் தூக்கத்தின் தேவை குறைந்துகொண்டே போகும் என்பதுதான் அன்றைய எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு. சிறியவர்களும் பெரியவர்களும் சராசரியாக 9 மணி நேரத்துக்குச் சற்று மேலாகவே உறங்கினார்கள். சிறியவர்கள் தாமாகவே விழித்துக்கொள்ள, வளர்ந்தவர்களைத்தான் எட்டு மணிக்குத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது!

பகலிலும் சோதனை தொடர்ந்தது. இரண்டு மணிக்கு ஒரு முறை இருட்டறையில் படுக்கவைத்து, எத்தனை நிமிடத்தில் தூக்கம் வருகிறது என்று கணக்கிட்டார்கள். பருவமடையாத பிள்ளைகள் பெரும்பாலும் 20 நிமிடமும் கண்ணை மூடிக்கொண்டு விழித்தே கிடந்தார்கள். பருவ மாற்றத்தின் நடுவில் இருந்தவர்களோ, இரவில் அதே அளவு உறங்கியிருந்தும் விரைவில் தூங்கிப்போனார்கள். 1980இல் இது கட்டுரையாக வெளிவந்தது. பகல் தூக்கத்துக்குக் காரணம் குணக்கேடு அன்று, வளரும் உடல்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பின்னர் 1990களில் கார்ஸ்கடன் இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தார். இருள் சூழ்ந்ததும் உடலுக்கு "இரவு வந்துவிட்டது" என்று அறிவிப்பது மெலட்டோனின் என்னும் இயக்குநீர். உமிழ்நீரைச் சோதித்தபோது, பருவ வளர்ச்சி கூடக்கூட இது சுரக்கும் நேரம் தள்ளிப்போவது தெரிந்தது. ஜெர்மனியின் டில் ரோனபெர்க் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தத் தாமதம் ஏறத்தாழ 20 வயது வரை கூடி, அதன்பின் குறையத் தொடங்குகிறது. கலிபோர்னியா மாநிலத்தில் 2019இல் ஒரு சட்டம் இயற்றி, 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என விதித்ததற்கு இவ்வகை ஆய்வுகளே அடிப்படை.

உறக்கம் குறைந்தால் மனம் என்ன ஆகிறது? குமரப் பருவத்தினரின் தூக்கத்தைச் சில இரவுகள் குறைத்துப் பார்த்த சோதனைகளில் எரிச்சலும் கவலையும் கூடின. ஆகவே பள்ளி நாட்களில் விட்ட உறக்கத்தை விடுமுறையில் ஓரளவு மீட்டுக்கொள்வது நல்லதே. பெற்றோர்கள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் விட்டுக்கொடுக்கலாம்.

மாணவர்களே, இதைச் சாக்காக வைத்து நள்ளிரவு வரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். திரையின் ஒளி மெலட்டோனினை இன்னும் தாமதப்படுத்தும். எழுந்ததும் சிறிது நேரம் வெயிலில் நில்லுங்கள்; உடல் கடிகாரத்தை முன்னே நகர்த்துவது காலை ஒளிதான். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே, நாளுக்குக் கால் மணி நேரமாகப் படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

எல்லாத் தூக்கமும் வளர்ச்சியின் விளைவே என்று இருந்துவிடவும் கூடாது. இரண்டு வாரங்களுக்கு மேல் மனச்சோர்வு நீடித்து, விளையாட்டிலும் நண்பர்களிடமும் நாட்டம் அற்றுப்போனால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இந்திய அரசு 2022இல் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநலத் தொலைபேசி எண் 14416. அதில் தமிழிலேயே பேசலாம்.