சேறு எழுதிய சரித்திரம்

மங்கலத்தில் நொய்யற்கரையில் ஒரு பிடி சேற்றை அள்ளினேன். இது எந்த மலையின் எச்சம்?

இத்தகைய வினாவுக்கு விடை கூறுவது பெரம்பலூர்ப் பகுதியின் காரைக் களிப்பாறை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அவ்வட்டாரப் பாறைகளை ஆராய்ந்த பிளான்போர்டு 1862-இல் நூல் வெளியிட்டார். பின்வந்தோர் இரசாயனத்தைத் துணைக்கொண்டனர்.

சோடியம் நீரில் கரைந்தோடும். தோரியமும் ஸ்காண்டியமும் எளிதிற் கரையாமல் சேற்றோடு படியும். கிரானைட்டு இனத்தில் தோரியம் மிகுதி; பசால்ட்டு இனத்தில் ஸ்காண்டியம் மிகுதி. எனவே இரண்டின் விகிதம் தாய்ப்பாறையைக் காட்டிக்கொடுக்கும். காரைப் படிவுகளின் தாயகம் மேற்கிலிருந்த தொன்மையான பாறைகளே என்பது ஆய்வாளர் துணிபு.

2011-இல் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதை நினைத்தேன். மாணவர்களே, சேறு மலையை மட்டுமன்று, நம்மையும் எழுதிவைக்கிறது. அதில் எதை எழுதப்போகிறீர்கள்?